திருகோணமலைத் துறையும் ஒளிப்பதிவுக் கமராவும்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்பனவாம். கல்லில் எழுத்துப் பொறிப்பித்தவன் அரசன். செப்பேட்டை வழங்கியவனும் அவனே. ஏட்டை எழுதியவன் கற்றவன். வயலை உழுதவனும் வலையை வீசியவனும் தம் வாழ்வைத் தாமே பதிந்து வைப்பதற்கு வழியொன்றும் இருக்கவில்லை. அவர்களைப் பற்றி இன்று அறியக்கிடப்பன யாவும் பிறர் சொல்லியவையே.

இந்நிலையை மாற்றிய கருவிகளுள் ஒன்று கையடக்கமான ஒளிப்பதிவுக் கமரா. படம்பிடிக்கும் கண்ணும் பதிவு செய்யும் பொறியும் ஓருடலாக அமைந்த இக்கருவி, அரசும் படையும் பெருநிறுவனமும் மட்டுமே கையாண்ட அசையும் படத்தை ஒரு குடும்பத்தின் உடைமையாக்கிற்று. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உயர் தெளிவு என்னும் தரத்தையும் எய்தியது. இம்மாற்றம் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் எவ்வாறு நிகழ்ந்தது, கமரா யார் யார் கையில் இருந்தது, அவர்கள் எதைக் கண்டனர், எதைக் காணாது விட்டனர், கண்டவற்றுள் எஞ்சி நிற்பது எவ்வளவு என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

கல்லிலே தங்கிய நினைவு

திருகோணமலையின் வரலாறு இழப்பை நன்கறிந்த வரலாறு. சுவாமி மலையின் உச்சியில் விளங்கிய கோணேசர் ஆலயம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டுவதற்குப் பயன்பட்டன. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, பிரெடரிக் கோட்டை என்னும் பெயரோடு அது இன்றும் நிற்கின்றது. கோட்டை வாயிலின் கல்லொன்றில் மீன் சின்னமும் தமிழ் எழுத்துகளும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அக்கல்வெட்டு, இடித்தவர்களே எடுத்து வாயிலில் வைத்துக் கட்டியமையால் எஞ்சியது. அழித்தவன் கையாலேயே காக்கப்பட்ட சான்று என்று அதனைக் கூறலாம்.

ஆலயத்தின் கோபுரம் எவ்வழகினது, திருவிழா நாளில் மலையடிவாரம் எக்கோலம் பூண்டது, கடலில் எறியப்பட்ட தூண்கள் எம்மண்டபத்தைத் தாங்கின என்பவற்றைக் கண்ணாற் கண்டறிய வழியில்லை. சொற்கள் உண்டு, காட்சி இல்லை. படப்பதிவின் அருமையை உணர்வதற்குத் திருகோணமலையைப் போன்ற ஊர் வேறொன்று வேண்டுவதில்லை.

கடற்படையின் கண்

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிவந்தது. லூமியர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அசையும் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டினர். 1923ஆம் ஆண்டில் 16 மில்லிமீற்றர்ப் படச்சுருளும், 1932ஆம் ஆண்டில் 8 மில்லிமீற்றர்ப் படச்சுருளும் கொடாக் நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பட்டன. வீட்டிலே வைத்துப் பழகத்தக்க கமரா என்னும் எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. ஆயினும் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. 100 அடி நீளமுள்ள 16 மில்லிமீற்றர்ச் சுருள், வினாடிக்கு 24 சட்டங்கள் என்னும் வேகத்தில் ஓடினால், 2 நிமிடமும் 46 வினாடியுமே பதியும். அதன்பின் அதனைக் கழுவிப் பதப்படுத்த வேண்டும். திரையிட்டுக் காட்டுவதற்குத் தனிப்பொறி வேண்டும். கூலித் தொழிலாளியும் மீனவனும் ஆசிரியனும் நினைத்துப் பார்க்கக்கூடிய செலவன்று அது.

ஆகவே திருகோணமலைத் துறையை முதலில் பார்த்த கமராக்கண் படையினரின் கண்ணாகவே இருந்தது. ஆழ்ந்த இயற்கைத் துறைமுகமும், அதில் நங்கூரமிட்ட போர்க்கப்பல்களும், சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும், வானூர்தித் தளமும் அக்கண்ணுக்கு வேண்டியவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹெர்மிஸ் என்னும் ஆங்கில வானூர்தி தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பல் எரிந்து சாயும் நிலையில் யப்பானிய வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்கள் இன்றும் நூல்களிற் காணப்படுகின்றன. குண்டு வீசியவனிடம் கமரா இருந்தது. கீழே நின்றவனிடம் இல்லை. வானத்தை நிமிர்ந்து நோக்கிய ஊரவர் கண்ட காட்சி அவர்தம் வாய்மொழியில் மட்டுமே தங்கிற்று. அவர்கள் மறைந்தபோது அதுவும் பெரும்பாலும் மறைந்தது.

1957ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். தளம் கைமாறியது, கமராவின் நிலை உடனே மாறிவிடவில்லை. ஆனால் அக்காலத்திலேயே வேறொரு கண் திருகோணமலைக் கடலுக்குள் நுழைந்தது.

கடலடியிற் சென்ற கமரா

1950ஆம் ஆண்டில் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது பழைய வெண்கலத் திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. கோணேசர் ஆலயத்துக்குரியவை எனக் கொள்ளப்பட்ட அவற்றைக் கண்டு ஊர் மக்கள் அடைந்த மகிழ்ச்சி பெரிது. மண்ணுக்குள் இவ்வளவு இருந்தால் கடலுக்குள் எவ்வளவு இருக்கும் என்னும் வினா அப்போது பலர் மனத்தில் எழுந்திருத்தல் இயல்பே.

அவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் இருவர். ஒருவர் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்; மற்றவர் அவர் நண்பரும் கடலடிப் படப்பிடிப்பாளருமாகிய மைக் வில்சன். 1956ஆம் ஆண்டில் அவர்கள் சுவாமி மலையின் அடியிலே மூழ்கி, செதுக்கு வேலைப்பாடமைந்த கற்களையும் தூண்களின் பகுதிகளையும் கண்டு படம்பிடித்தனர். அப்பயணங்களைக் கிளார்க் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் விரித்துரைத்தார். கடலிலிருந்து மீட்கப்பட்ட இலிங்கமொன்று மீண்டும் ஆலயத்தைச் சேர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் கும்பாபிடேகம் 1963ஆம் ஆண்டில் நடைபெற்றது.

கடலடியில் படம்பிடித்தல் அந்நாளில் எளிய காரியமன்று. நீர் முதலில் செந்நிறத்தை உறிஞ்சிவிடும். சில பாகம் ஆழத்துக்குக் கீழே செந்நிறப் பவளமும் சாம்பல் நிறமாய்த் தோன்றும். ஒளி முறிவினாற் பொருள்கள் உள்ள தூரத்தினும் அண்மையிலிருப்பனபோலக் காணப்படும். ஆதலின் உண்மைத் தூரத்தை அளந்து அதற்கேற்பக் குவியத்தை அமைத்தவன் ஏமாறுவான். கமராவை நீர்புகாப் பெட்டியுள் அடைத்துச் செல்ல வேண்டும். சுருள் முடிந்தால் மேலே வந்து, கரையேறி, உலர்த்தி, பெட்டியைத் திறந்து வேறு சுருள் பூட்ட வேண்டும். மூன்று நிமிடம் தானும் நில்லாத சுருளுக்காக இவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது.

இவ்வுழைப்பின் ஒரு விளைவு 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்களத் திரைப்படம். மைக் வில்சன் இயக்கிய அப்படம் முழுநீள வண்ணச் சிங்களப் படங்களுள் முதலாவதாகும். திருகோணமலைக் கடற்புறமும் கடலடியும் அதனாலே திரையில் வண்ணத்தோடு தோன்றின. பின்னாளில் வில்சன் திரைப்படத் தொழிலைத் துறந்து, சுவாமி சிவகல்கி என்னும் பெயர் பூண்டு, இந்து சமயத் துறவியாக வாழ்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பொருள் தேடிக் கடலுள் இறங்கியவரை அக்கடல் வேறொரு தேட்டத்துக்கு ஆற்றுப்படுத்தியது போலும்!

அவர்தம் அன்பையும் அருமுயற்சியையும் திருகோணமலை மறத்தலாகாது. எனினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். கடலடித் தூண்களைப் பற்றிய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோர் ஊரவர். அத்தூண்களைப் படமாகக் கண்டு பதிந்தோர் வெளிநாட்டவர். நினைவு ஒருவரிடமும் கருவி மற்றொருவரிடமும் இருந்தன. இவ்விரண்டும் ஒரு கையிற் சேர்வதற்கு மேலும் சில பத்தாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த கமரா

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் ரூபவாகினி தன் சேவையை ஆரம்பித்தது. அதற்கடுத்த ஆண்டாகிய 1983இல் சோனி நிறுவனம் ‘பெற்றாமூவி’ என்னும் கருவியை வெளியிட்டது. கமராவும் நாடாப்பதிவுப் பொறியும் ஒன்றாயமைந்து, வீட்டுப் பாவனைக்கென விற்கப்பட்ட முதற்கருவி இதுவே. அது பதியும், பதிந்ததைத் தானே காட்டாது. 1984இல் ஜேவிசி நிறுவனமும், 1985இல் 8 மில்லிமீற்றர் நாடாவோடு மீண்டும் சோனி நிறுவனமும் இதனினுஞ் சிறந்த கருவிகளைத் தந்தன. 1995இல் எண்முறை நாடா வந்தது. தீப்பெட்டியினுஞ் சற்றுப் பெரிய பேழையுள் ஒரு மணி நேரக் காட்சியும் ஒலியும் அடங்கின.

கருவி பிறந்த ஆண்டு இலங்கைத் தமிழருக்குக் கொடிய ஆண்டு. 1983 யூலைக்குப் பின் போர் விரிந்தது. திருகோணமலை மாவட்டத்தின் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் ஒளிப்பதிவுக் கமரா இங்குத் தனிப்பட்டதொரு தொண்டைச் செய்ய வேண்டியதாயிற்று. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோரும், மேலைநாடுகளுக்கு ஏதிலிகளாய்ச் சென்றோரும் ஊர்த் திருமணத்துக்கு வர இயலாதவராயினர். தாலிகட்டும், பூப்புனித நீராட்டும், பிள்ளையின் ஏடுதொடக்கலும் நாடாவில் ஏறி அவர்களிடம் சென்றன. தந்தையின் இறுதிக் கிரியையை மகன் தொலைக்காட்சிப் பெட்டியிற் கண்டு அழுத காலம் அது. கல்யாண வீட்டில் ஒளிவிளக்கைத் தூக்கிப் பிடிப்பவனோடு நுழையும் வீடியோக்காரர், ஐயரையும் நாதசுரக்காரரையும் போல இன்றியமையாதவரானார்.

இவ்வாறு பதியப்பட்டவற்றில் மணமக்கள் மட்டுமா இருக்கின்றனர்? பின்னாளில் இல்லாதொழிந்த வீடுகளும், வெட்டப்பட்ட மாமரங்களும், இன்று உலகின் பல மூலைகளிற் சிதறிய அயலவரும் அவற்றின் ஓரத்திலே தோன்றி மறைகின்றனர். எடுத்தவர் கருதியது மணவறையை, எஞ்சியதோ ஊர். வரலாற்றாசிரியனுக்கு அவ்வோரமே நடுவாகும்.

உயர் தெளிவு என்பது யாது?

நிற்க. உயர் தெளிவுக் கமராவின் அமைப்பை இனிச் சிறிது நோக்கலாம். இலங்கையில் வழங்கிய பழைய தொலைக்காட்சி முறையில் எண்முறைப் படச்சட்டமொன்று குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் உடையது; மொத்தம் 4,14,720 புள்ளிகள். முழு உயர் தெளிவுச் சட்டம் 1920 புள்ளிகளும் 1080 வரிகளும் உடையது. மொத்தம் 20,73,600 புள்ளிகள். அஃதாவது சரியாக ஐந்து மடங்கு. பழைய படத்தில் வெண்புள்ளியாய்த் தெரிந்த முகம் புதிய படத்தில் இன்னார் முகமெனத் தெரிகின்றது. தோணியின் அணியத்தில் எழுதிய பெயரை வாசிக்க முடிகின்றது. தீர்த்தத் திருவிழாவில் கூடிய பெருங்கூட்டம் தனித்தனி மனிதராய்ப் பிரிந்து தோன்றுகின்றது. கூட்டத்தை மனிதராக்குதல் வரலாற்றுக்குப் பெருந்தொண்டு.

2003ஆம் ஆண்டில் சோனி, ஜேவிசி, கனன், சார்ப் ஆகிய நான்கு யப்பானிய நிறுவனங்களும் கூடி, முன்பிருந்த சிறிய எண்முறை நாடாவிலேயே உயர் தெளிவைப் பதியும் பொது முறையொன்றை வகுத்தன. எச்டிவி என்பது அதன் பெயர். அதே ஆண்டில் ஜேவிசி 720 வரிகளுடைய கமராவையும், 2004இல் சோனி 1080 வரிகளுடைய கமராவையும் விற்பனைக்கு விட்டன. 2005இல் சோனியின் சிறிய எச்சி1, 2007இல் கனனின் எச்வி20 என்பவை வர, ஒரு கைக்குள் அடங்கும் கருவியாக அது மாறியது. 2006இல் சோனியும் பனசொனிக்கும் வகுத்த ஏவிசிஎச்டி என்னும் முறை நாடாவை விலக்கித் தட்டிலும் நினைவட்டையிலும் பதிய வழி செய்தது.

எச்டிவி நாடாவில் ஒரு சட்டம் 1440 புள்ளிகளையும் 1080 வரிகளையும் உடையது. வினாடிக்கு 25 மெகாபிற்றுக்குள் இவ்வளவு செய்தியை அடக்குதல் எங்ஙனம்? ஒவ்வொரு சட்டத்தையும் முழுமையாய்ப் பதியாது, பன்னிரண்டு சட்டங்களை ஒரு தொகுதியாக்கி, அவற்றுள் முதலாவதை மட்டும் முழுமையாகவும் ஏனையவற்றில் நிகழும் மாற்றங்களை மட்டும் குறிப்பாகவும் பதிவதே உபாயம். இதனால் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 11 கிகாபைற்றில் அடங்குகின்றது. ஆனால் ஒரு கேடும் உண்டு. நாடாவில் ஒரு தூசு ஒட்டி ஒரு தொகுதி பழுதுற்றால், பழைய முறையிற்போல் ஒரு சட்டத்தில் மட்டும் கீறல் விழுவதன்று. ஏறத்தாழ அரை வினாடிக் காட்சி முழுவதும் உறைந்துவிடும். தெளிவு மிகுந்தது, அதனோடு நொய்மையும் மிகுந்தது. உயர் தெளிவின் வரலாற்றிலே இவ்வுண்மை கருத்திற் கொள்ளற்பாலது.

உடைமையும் பயிற்சியும்

கருவியை வாங்கியவன் அதனை ஆளக் கற்றவனல்லன். திருகோணமலையில் இக்கருவியைக் கையாள்வோருக்கு ஊரின் நிலமும் நீரும் காற்றுமே ஆசிரியர்.

இவ்வூரிற் கடல் கிழக்கே உள்ளது. காலையிற் சுவாமி மலையிலிருந்து கடலை நோக்கிப் பிடிப்பவன் ஞாயிற்றை எதிரே கொள்கின்றான். முன்னே நிற்பவர் முகம் கரிய நிழலாகிவிடும். அப்போது ஒளியளவைத் தானியங்கியிடம் விட்டுவிடாது கையாலே திருத்தல் வேண்டும். மாலையில் உட்துறைமுகத்தை நோக்குவோனுக்கும் இவ்விடர் உண்டு. வைகாசி முதல் வீசும் கச்சான் காற்றுக் கமராவின் சிறிய ஒலிவாங்கியில் இடிபோல் முழங்கி, பேசுவார் பேச்சை மூடிவிடும். பஞ்சுறையொன்று அதனைப் பெரிதும் தணிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவைக் கடற்கரைக்குக் கொண்டுசென்றவுடன் திறந்தால், நாடா சுற்றும் உருளையில் நீர் பனிக்கும். கருவி எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பையில் இட்டபடியே சிறிது நேரம் வெளிவெப்பத்தில் வைத்திருந்து பின் எடுத்தலே நன்று. உப்புத் துவலை வில்லையில் மங்கற்படலமாய்ப் படியும். மாரியின் ஈரம் அதனுட் பூஞ்சணத்தை வளர்க்கும்.

கையின் அடக்கமும் வேண்டும். பன்னிரு சட்டங்களைத் தொகுதியாக்கும் முறையில் கமராவை விரைந்து திருப்பினால், மாற்றங்கள் அளவிறந்து பெருகிப் படம் கட்டங்கட்டமாய் உடையும். ஆகவே கமராவை நிலைநிறுத்தி, நிகழ்ச்சி தன்முன்னே நிகழுமாறு விடுதல் சிறப்பு. முக்காலி கிடையாவிடத்து மதிலும் தோணியின் விளிம்புமே முக்காலியாகும். காட்சியைத் தொடங்கும்போது நாளும் இடமும் நிற்பவர் பெயரும் வாயாற் சொல்லிப் பதிதல் எல்லாவற்றினும் முதன்மையானது. பெயரில்லாத தெளிவான முகத்தைக் காட்டிலும், பெயருள்ள மங்கிய முகம் வரலாற்றுக்கு உதவும்.

சாட்சியாகிய படம்

உயர் தெளிவுக் கமரா வீட்டுக்குரிய பொருளாகத் தொடங்கிய 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே கடற்கோள் வந்தது. திசெம்பர் 26ஆம் நாட் காலையில் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலைகள் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தன. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிண்ணியாவும் மூதூரும் குச்சவெளியும் பெருந்துயருற்றன. இந்துமாகடலின் பல கரைகளிலும் அன்று கமரா வைத்திருந்த பொதுமக்கள் எடுத்த காட்சிகளே அவ்வலையின் உருவை உலகுக்குக் காட்டின. அதற்கு முன் பேரலை வரும் விதத்தை ஓவியத்தில் உயர்ந்து சுருண்ட நீர்ச்சுவராகவே பலர் எண்ணியிருந்தனர். வற்றாது பெருகித் தெருக்களில் ஆறென ஓடும் நீரே அது என்பதைப் படம் உணர்த்திற்று. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் உயிர்தப்பியோர் எடுத்த காட்சிகளை அளந்து, வெள்ளத்தின் வேகம் வினாடிக்கு 2 முதல் 5 மீற்றர் வரை இருந்ததென ஆய்வாளர் கணித்தனர். தன் குடும்பத்தைப் படமெடுக்க வாங்கிய கருவி அறிவியலுக்கு அளவுகோலாயிற்று.

அசையாத படமாயினும் இங்குக் கூறாது விடத்தகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்தமையாலே அவர்கள் இறந்தனர் என முதலிற் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ நாளிதழின் செய்தியாளராகிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த நிழற்படங்கள், அவர்தம் தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை வெளிப்படுத்தின. அதே மாதம் 24ஆம் நாள் அவரும் திருகோணமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூவரை 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நீதிமன்றம் சான்று போதாதென விடுவித்தது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைக் கற்பிக்கின்றது. படம் பொய்யைத் தடுத்து நிறுத்த வல்லது. ஆனால் படம் மட்டும் நீதியைத் தந்துவிடாது. சான்றை எடுத்தவனும், காத்தவனும், மன்றில் வந்து சொல்பவனும் சேர்ந்தே சான்று நிறைவுறும். 1942இல் குண்டு வீசியவனிடம் மட்டும் இருந்த கமரா, 2006இல் வீழ்ந்தவர் பக்கத்து நின்றவன் கையிலும் இருந்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இதுவே. அதற்கு ஈந்த விலையும் மறக்கற்பாலதன்று.

நாடாவின் ஆயுள்

2010ஆம் ஆண்டின் பின் கைத்தொலைபேசிகளே உயர் தெளிவுப் படத்தை எடுக்கலாயின. தனிக்கமராவின் காலம் விரைந்து முடிந்தது. இன்று திருகோணமலையில் கையில் தொலைபேசியின்றித் திருவிழாவுக்குச் செல்வார் அரியர். அதனால், இருபது ஆண்டுகளுக்கு முன் ஆவலோடு வாங்கிய கமராக்களும் அவற்றின் நாடாக்களும் அலுமாரிகளின் மேற்றட்டிலே கிடக்கின்றன. அவை இருக்கின்றன என்னும் நினைவே பலருக்கு நிறைவளிக்கின்றது. அந்நிறைவு ஆபத்தானது.

காந்த நாடா என்பது மெல்லிய பிளாத்திக்குப் பட்டையின்மேல் உலோகத் துகளைப் படியவைத்து ஆக்கப்படுவது. வெப்பமும் ஈரமும் அதன் பகைவர். திருகோணமலையின் கடற்காற்றில் அவ்விரண்டுக்கும் குறைவில்லை. நாடா கெடாதிருந்தாலும், அதனை ஓட்டும் பொறி கெடும். பழைய வீட்டு வீடியோப் பொறிகளைச் செய்துவந்த இறுதி நிறுவனமாகிய பூனை 2016ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்தியது. எண்முறை நாடாவைக் கணினிக்கு மாற்ற உதவிய இணைப்பு வாயில் புதிய கணினிகளில் இல்லை. அவுஸ்திரேலியாவின் தேசியத் திரை, ஒலிக் காப்பகம் 2015ஆம் ஆண்டிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது: நாடாவிலுள்ளவற்றை 2025ஆம் ஆண்டுக்குள் மாற்றாவிடின், அவற்றுட் பெரும்பகுதி என்றும் மீளாது போகும் என்பது அதன் சாரம். அவ்வாண்டும் வந்துவிட்டது. இன்னும் ஓடும் நாடாக்கள் பல உள. ஓட்டும் பொறிகளோ நாளும் அருகி வருகின்றன.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பைத் தமிழுலகம் இன்றும் பேசுகின்றது, பேசவும் வேண்டும். வீட்டு அலுமாரியில் நாடா சிதைவதற்குத் தீ வேண்டியதில்லை, பகைவனும் வேண்டியதில்லை. எவரும் அறியாமல் அது நிகழும். எரிந்த நூலுள் சிலவற்றுக்கு வேறு படிகள் வேறிடத்தில் இருந்தன. ஒரு குடும்பத்தின் நாடாவுக்குப் படி உலகில் எங்கும் இல்லை.

செய்யத்தக்கவை அரியனவல்ல. உள்ள நாடாக்களை எண்ணிப் பட்டியலிடுதல் முதற்பணி. இயங்கும் கமரா ஒன்றை அயலவர் பலரும் பொதுவாகப் பயன்படுத்திப் படங்களைக் கணினிக்கு மாற்றுதல் இரண்டாவது. மாற்றியவற்றுக்கு நாள், இடம், ஆள் ஆகிய விவரங்களை, அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதுதல் மூன்றாவது. ஒரு படியை வீட்டிலும், மற்றொரு படியை வேறூரிலும் வைத்தல் நான்காவது. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்முறையிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணி, பலர் சிறிது சிறிதாய்ச் செய்வதன் ஆற்றலுக்குச் சான்று. கல்லூரிகளின் வரலாற்று மன்றங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். மாணவன் ஒருவன் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து தொடங்கத்தக்க ஆராய்ச்சி இதனினும் வேறு யாது?

முடிவுரை

திருகோணமலைத் துறையை முதலிற் கண்டது படையின் கமரா. அடுத்துக் கண்டது கலைஞனின் கமரா. இறுதியிற் கண்டது குடும்பத்தின் கமரா. முதலிரண்டும் துறையைக் கண்டன. மூன்றாவதே துறையின் மக்களைக் கண்டது. அது எடுத்த படங்களிற் கலைநுட்பம் குறைவாயிருக்கலாம், கை நடுங்கியிருக்கலாம், காற்று இரைந்திருக்கலாம். ஆயினும், காணப்பட்டவர்களே காண்பவர்களாய் மாறிய காலத்தின் ஆவணம் அதுவே.

கோட்டை வாயிற் கல்வெட்டு, இடித்தவன் அதனைத் தன் கட்டடத்துக்கு வேண்டிய கல்லாகக் கருதியமையால் நானூறாண்டு நிலைத்தது. நாடாவுக்கு அத்தகைய ஊழ் வாய்ப்பதில்லை. அதனை எவரும் வாயிலில் வைத்துக் கட்டார். அது நிலைக்க வேண்டுமாயின், உடையவன் கை அதனை எடுத்தல் வேண்டும். அதுவும் பொறி ஓடும் காலத்திலேயே எடுத்தல் வேண்டும்.